மெழுகுக் குழலில் மிச்சம் இருப்பது

கற்பகாம்பாள் துணை
அடையாறு
8.10.1995

சௌபாக்கியவதி ஜானுவுக்கு மன்னி ஜலஜா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

மாமனார் போனபின் மயிலாப்பூர் வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்ட அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், உன் அண்ணா, நீ, வக்கீல் வெங்கடரமணன், ஆக நாலு பேர். சாமான் பட்டியல் நோட்டில் அப்படித்தான் குறித்திருக்கிறேன். சாவி கொடுக்கிற பாட்டுப்பெட்டி ஒன்றை மட்டும் நீ கேட்டாய். "கல்யாணமாகிப் போனவளுக்குப் புக்காத்துல இல்லாத சாமானா?" என்று நான் சொன்னதைக் குறிக்கவில்லை. ஆனால் மறக்கவுமில்லை. நீ சாப்பிடாமலே ரயிலேறினாய்.

பெட்டியை இந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து சரஸ்வதி பூஜைக்காகத் திறந்தேன். கிராமபோன் என்று நினைத்திருந்தேன். தட்டு வைக்க இடமே இல்லை. ஒரு இரும்பு உருளை, ஒரு புனல். கூடவே அட்டை டப்பாவில் டம்ளர் பருமனுக்கு ஒரு மெழுகுக் குழல், பூஞ்சை பூத்துக் கிடந்தது. வெந்நீரில் துணி நனைத்து மூன்று தடவை அழுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, வீணைக்குப் பக்கத்தில் வைத்தேன். "தட்டே இல்லாத கிராமபோனுக்கு என்னடி பூஜை?" என்று உன் அண்ணா சிரித்தார்.

அது என்ன என்று உனக்காவது தெரியுமா?

ஜலஜா


நாகபுரி
21.10.1995

மன்னிக்கு நமஸ்காரம்.

அது போனோகிராப். பாடுவது மட்டுமில்லை, எதிரில் பாடுகிறவர் குரலை மெழுகில் பதிந்தும் கொள்ளும். அம்மா போவதற்கு ஒரு மாசம் முன்னால் அப்பா அவளைப் பாடச் சொல்லிப் பதிந்து வைத்தாராம். எனக்கு அப்போது ஒரு வயசு. அம்மா குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அவர் அதைத் திறக்கவில்லை. கண்ணை மூடுவதற்குச் சில மாசம் முன்னால்தான் என்னிடம் சொன்னார். "கோதண்டபாணிகிட்ட சொல்லாதே, போட்டுப் போட்டுத் தேய்ச்சுடுவான்" என்று அண்ணாவைப் பற்றிச் சொன்னார். அன்று கூடத்தில் காரணம் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் சொன்னதைக் கேட்டபின் வரவில்லை.

வெந்நீரிலா துடைத்தீர்கள், மன்னி?

ஜானு


அடையாறு
12.11.1995

அன்புள்ள ஜானு,

உன் கடிதம் வந்த மறுநாளே திருவல்லிக்கேணியில் பழைய பாட்டுப்பெட்டி பழுது பார்க்கும் மெஹபூப் அலியிடம் எடுத்துப் போனோம். குழலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மெழுவுக்குத் தலைக்கு ஊத்தி, பொட்டும் வெச்சு இட்டாந்துகீறே?"

"பூஜைக்கு வெச்சேன், பாய்."

"சாமிக்குத்தாம்மா கோடு வாணாம். இதுக்குப் பாட்டு பதிஞ்ச கோடுதாம்மா உசுரு. அத்தினியும் வழிச்சு எடுத்துட்டியே."

கடைசி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி படவில்லையாம். சுருள்வில்லைச் சரிசெய்து சாவி கொடுத்தார். வெகுநேரம் இரைச்சல். பாட்டு இல்லை, ஜானு. ஒரு வரிகூட இல்லை. முடிகிற இடத்தில் மட்டும் ஒரு சிரிப்பு, அப்புறம் உன் அப்பாவிடம், "போறும்னா, ஜானு முழிச்சுண்டுட்டா." அவ்வளவுதான்.

உன் அண்ணா கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் "அம்மா, அம்மா" என்றார். இன்னொரு முறை போடச் சொல்லிக் கெஞ்சினார். மெழுகு இளகிக் கிடப்பதால் இன்னும் ஒரே ஒரு தபாதான் தாங்கும் என்றார் பாய். நான்தான் குழலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அது உனக்கு.

மாமியார் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை நான். அவர் பாட்டையும் என் கையாலேயே துடைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் கூசுகிறது. கிளம்பி வா.

ஜலஜா


அடையாறு
3.4.1996

அன்புள்ள ஜானு,

தை மாதம் ஒன்று, மாசியில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று உன் அண்ணாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சித்திரை வெயிலுக்கு இந்த மெழுகு நிற்காது என்று மெஹபூப் அலி ஆளிடம் சொல்லி அனுப்பினார். பூஜை அறையில் மண்பானைக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் வைத்திருக்கிறேன். நாங்கள் மறுபடியும் போட்டுக் கேட்கவில்லை. நீ இல்லாமல் கேட்க மாட்டோம், கெட்டுப்போனாலும் சரி.

என்னோடு நீ பேச வேண்டாம். நீ வருகிற அன்று நான் கோவிலுக்குப் போய்விடுகிறேன். வருகிறாயா, இல்லையா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுது.

ஜலஜா