பெயர் கேட்காத தொலைபேசி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலம். இயந்திர அறைச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் நீயும் நலந்தானே? உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, இந்தக் கடிதம் உன்னைத் தேடிப் பிடிக்கட்டும்.

எங்கள் குடியிருப்போர் மன்றம் வழக்கம்போல அமளிதுமளி. கீழே தையல் வகுப்பு, கூடத்தில் பல் மருத்துவ முகாம், மாடியில் என் ஆறுதல் தொலைபேசி. மனசு சரியில்லாதவர்கள் அழைப்பார்கள், நான் 'ம்' கொட்டுவேன். யாரென்று கேட்கக் கூடாது, கேட்டதை வெளியே விடவும் கூடாது. ஓட்டைவாய் என்று நீ கேலி செய்த அக்காவுக்கு வாய்த்த வேலையைப் பார்.

உன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். அவளிடமே கேள். இந்த முறை ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் வந்து சேர். காரணம் கேட்காதே.

உன் அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

காரணம் சொல்லாமல் வா என்றால் எப்படி வருவது? அவளிடம் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாடி கட்டி முடிக்க வேண்டாமா? அவளை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்.

தம்பி

அக்டோபர் 28

அக்கா,

வந்துவிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் போய் நின்றேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கரு கலைந்ததை உன் தொலைபேசியில்தான் முதலில் சொன்னாளாம்.

"போனை எடுத்தது உங்க அக்கான்னு முதல் நாளே தெரியும். குரலை மாத்தினா தெரியாதா? உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க எப்படியும் உங்க காதுல போடுவாங்கன்னுதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்."

என்னோடு வர மறுத்துவிட்டாள். உனக்கு என்னைவிட மன்றத்து விதி பெரிதாகப் போய்விட்டது. இனி எனக்கு எழுதாதே.

நவம்பர் 15

தம்பிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். என்னை அடையாளம் தெரிந்தால் பேசுவதை நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில், மூக்கடைத்தவள்போலப் பேசினேன். அவள் வீட்டுப் பக்கம் போகவும் பயம், முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன். அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. நெஞ்சு ஆறவில்லையடா.

நேற்று மாலை மன்றத்துத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் பேச்சில்லை. தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும், நம் அப்பா செருமுவது போலவே. இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, நீயா?"

வைத்துவிட்டாய்.

மறுபடியும் கூப்பிடு. யாரென்று கேட்க மாட்டேன்.

அக்கா