பாட்டு மட்டும் கேட்ட பதினோரு நாள்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை. நீயும் சின்னவளும் சுகமா என்று கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது, கேட்டிருக்க வேண்டிய பதினோரு நாள் போய்விட்டது.

கடைசியாகப் பேசியபோது, அவரை விட்டுவிட்டுக் குழந்தையோடு இங்கேயே வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டாய், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் ஒரு குடை வாங்கவே நாலு நாள் யோசிப்பவன், உனக்குத் தெரியும். யோசனை ஓடாமல் மறுநாள் பாட்டுக் கேட்க உட்கார்ந்தேன். உயர்தரப் பதிவுகள்கூட நம் கணினியில் சாதாரணமாகவே கேட்கின்றன என்று ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தேன். அவர் வந்து, ஒலி வெளியே போவதற்கு மூன்று அமைப்புகள் இருப்பதைக் காட்டினார். ஒரே பாட்டை மூன்றிலும் மும்மூன்று தடவை கேட்டு நோட்டில் கட்டம் போட்டு மார்க் எழுதினேன். வித்தியாசம் தெரிந்ததா, தெரிந்ததாக நினைத்துக்கொண்டேனா என்று இப்போதும் சந்தேகம். மூணாவதைப் போடுங்க சார், பாட்டு மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும், வேற சத்தம் எதுவும் குறுக்க வராது என்றார். போட்டேன். மூடினால் அமைப்பு மாறிவிடுமோ என்று பயந்து அந்தப் பாட்டு மென்பொருளை மூடவே இல்லை, திரை முழுக்க அதுவேதான். வேறு சத்தம் என்றால், அதே கணினியில் வரும் உன் வீடியோ அழைப்பின் மணியும்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அம்மா தினமும், உங்க பொண்ணு உங்களைவிட அழுத்தக்காரி, பதில் வராம கூப்பிட மாட்டா என்றாள். பதில் தயாராகாததால் நானும் கூப்பிடவில்லை. இன்று காலை ஏதோ நினைப்பில் மென்பொருளை மூடினேன். பின்னால் உன் படம், பதினான்கு தவறிய அழைப்புகள். அதற்குக் கீழே, பரவாயில்லப்பா, புரியுது என்று நீ எழுதியிருந்தாய். அம்மா படித்துப் பார்த்துவிட்டு, பாட்டு தெளிவாக் கேக்கணும்னு பெத்த பொண்ணு வாயைக் கட்டிட்டீங்களே என்றாள். ஆறு தடவை கூப்பிட்டுவிட்டேன், உன் போன் அணைந்திருக்கிறது. அதனால்தான் இந்த மின்னஞ்சல், இதையே அச்செடுத்துத் தபாலிலும் போடுகிறேன்.

உனக்கு என்ன புரிந்ததோ அது தப்பு பாப்பா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பேர் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வேன் என்று பயந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அமைப்பைப் பழையபடி மாற்றி, மெக்கானிக்கையே நம் கணினிக்குக் கூப்பிடச் சொல்லி மணி அடிப்பதை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். மாடி அறையில் இருந்த என் புத்தகங்களைக் கீழே இறக்கியாகிவிட்டது. சின்னவளுக்கு எங்கள் முத்தம், உனக்கு எங்கள் இருவர் ஆசியும். அவளுடைய பள்ளிச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் பெரிய பெட்டியில் போடாதே, கைப்பையில் வை. யோசித்தாகிவிட்டது, வா.

இப்படிக்கு,
உன் அப்பா