நான் கூட்டி வைத்த காற்று

இன்று காலை பேரனுக்கு வாங்கிய நீச்சல் கண்ணாடியின் உறையைப் பிரித்தேன். புது ரப்பர் வாசனை. அவன் அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் மீன்போலக் கைகளை வீசி நடந்தான். நான் வெறும் உறையைப் பிடித்தபடி நின்றேன். சன்னலில் கிள்ளான் வெயில் மங்கி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உன் அக்கா வீட்டுப் பிற்பகல் ஒன்று மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. உன் மூச்சு மாஸ்க்குக்கும் இதே வாசனைதான்.

எழுபதுகளின் நடுவில் நாம் இருவரும் கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். உனக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. நீ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். பாதம் தொங்கிவிடும் என்பதால் முழங்காலை உயர்த்தி உயர்த்தித்தான் நடப்பாய். பிள்ளைகள் உனக்குக் ‘கொக்கு டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் கரும்பலகையில் பெரிய கொக்கு ஒன்றை வரைந்து, “இது யாரு மாதிரி இருக்கு?” என்று கேட்டாய். வகுப்பு கப்சிப்பென்று ஆனது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு பலகையில் எழுதும்போது உன் விரல்களில் வெண்கட்டி நிற்காமல் போனது. உன் அப்பாவும் அப்படித்தான் நடப்பார் என்று கேட்டதும், இது குடும்பத்தில் வருகிற நரம்பு நோய் என்றார் டாக்டர். காலையும் கையையும்தான் பிடிக்குமாம், மூச்சுத் தசை வரைக்கும் போவது மிக அபூர்வமாம். உனக்குப் போயிருந்தது. “படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காருறாங்கடி” என்பாய். நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாய். விடியும்போது தலை வலிக்கும். மதியம் பாடம் நடத்தும்போதே கண் சொருகும்.

நீ வேலையை விட்டு அக்கா வீட்டுக்குப் போன சில வருடங்களில் எனக்கும் கோலாலம்பூருக்கு மாற்றல் கிடைத்தது. ஒரு மணிக்குப் பள்ளி விட்டதும் நேராக உன்னிடம் வருவேன். டைப்பிஸ்ட் வேலை பார்த்த அக்கா ஐந்தரைக்குத் திரும்பும்வரை அந்த வீடு நம்முடையது. ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி லேசாக அதிரும். திரைச்சீலை உள்ளே ஊதி, வெளியே சரியும். “அதுக்கு மட்டும் எவ்ளோ சுலுவா மூச்சு வருது பாரு” என்றாய் ஒருமுறை. வருத்தமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்ததை எல்லாம் அங்கேதான் பழகினோம். காற்றைச் சிறு சிறு மிடறாக விழுங்கி நுரையீரலை நிரப்பும் வித்தை ஒன்று. நீ வாயைக் குவித்து விழுங்கும்போது எனக்கும் வாய் தானாகக் குவியும். யாராவது எட்டிப்பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சளி கட்டினால் உன் விலா எலும்புக்குக் கீழே என் இரு கைகளையும் வைத்து, நீ இருமும் அதே நொடியில் அழுத்த வேண்டும். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறாய் என்று தினமும் பார்ப்போம். நல்ல நாளில் பன்னிரண்டு. சளி பிடித்தால் எட்டு. ஏழாவதில் திருட்டுத்தனமாக மூச்சு வாங்குவாய். பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளையைப் பிடிப்பதுபோல நானும் பிடித்துவிடுவேன்.

ஒரு மழைக்காலச் சளிக்குப்பின் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் கொடுத்தனுப்பினார்கள். அதன் குமிழை எந்த அளவுக்கு மேல் திருகக்கூடாது என்று அக்கா பிளாஸ்திரித் துண்டு ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். ஒருநாள் மதியம் உன் உதடு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நீ அரைத்தூக்கத்தில் இருந்தாய். பாடம் வராத பிள்ளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தே பழகியவள் நான். கொஞ்சம் நல்லது என்றால் இன்னும் கொஞ்சம் இன்னும் நல்லது. அடையாளத்தைத் தாண்டித் திருகினேன்.

உதட்டில் சிவப்பு வந்தது. முகம் தளர்ந்து, அத்தனை அமைதியாகத் தூங்கினாய். வெளியே மழை. நான் திருப்தியோடு நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மைலோ கலக்கி எடுத்துவந்து கூப்பிட்டேன். நீ எழவில்லை. கையைத் தூக்கினேன், அது ஈரத்துணிபோல விழுந்தது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள்தான் தன் காரில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே கையால் அழுத்தும் பையை வைத்து உனக்கு மூச்சுக் கொடுத்தார்கள். பிறகு டாக்டர் என்னிடம் வந்தார். “டீச்சர், காத்து உள்ள போறது மட்டும் இல்ல, கெட்ட காத்து வெளிய வரணும்லா. அத தள்ள அவங்க தசைக்குப் பலம் பத்தாது. யாராச்சும் ஆக்ஸிஜன கூட்டிட்டா, உடம்பு இது போதும்னு நெனச்சி மூச்ச இன்னும் கொறச்சிரும்.” வகுப்பறைக்குள் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் வெளியே போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நிற்க இடமிருக்காது. யார் கூட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நீ கண் விழித்தாய். அக்கா கட்டிலருகே குனிந்து, யார் அதைத் திருகியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் குரல் வந்தது.

“நான்தான்கா. மூச்சு முட்டுச்சு.”

அக்கா, போர்வைமேல் கிடந்த உன் விரல்களைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத விரல்கள். பிறகு என்னைப் பார்த்தார். குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டு அழுதேன். இனிமேல் நான் வருவது சரியில்லை என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நீ சொன்னாய்: “வேற ஆளு தேட... எனக்கு மூச்சு இல்லடி. நாளைக்கு வந்துரு.”

வந்தேன். குமிழ் பக்கம் மட்டும் போகாமல் வந்துகொண்டே இருந்தேன். ஒரு வருடத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு மூச்சு இயந்திரத்தைத் தருவித்தார்கள். தூக்கத்தில் அது உனக்காகக் காற்றை உள்ளே தள்ளும், வெளியே விடும். முதல் வாரம், மூக்கில் அதன் ரப்பர் மாஸ்க்கை மாட்டினால் கொக்கு கிளியாகிவிடுகிறது என்று கேலி பண்ணினாய். காலைத் தலைவலி போயிற்று. கண்ணை விழித்ததும் தோசை கேட்டாய். இன்னும் ஆறு வருடம் உனக்குக் கிடைத்தது. ஒரு காலையில், நான் வகுப்பில் இருந்த நேரத்தில், மறுபடியும் வந்த நெஞ்சுச் சளி உன்னைக் கொண்டுபோனது.

நான் ஓய்வு பெற்றும் பல வருடமாகிறது. யாருக்கும் எதையும் கேட்காமல் கூட்டுவதில்லை. தேநீரில் சீனியாகட்டும், மின்விசிறியாகட்டும், ஆறுதல் வார்த்தையாகட்டும், வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அக்காவை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். உன்னைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். அந்த மதியத்துக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் அக்கா எழுந்துபோய், தட்டில் இன்னும் ஒரு பலகாரம் எடுத்து வைப்பார். நீ சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நீ விட்டுப்போன அந்தப் பொய்யை நாங்கள் இருவரும் சேர்ந்து இன்னும் காப்பாற்றி வருகிறோம்.