தேத்தண்ணிக் கடைக்காரன் ஏன் பேசவில்லை

என் வாயாடித் தம்பி அமலனுக்கு,

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. அது வந்துவிட்டதடா! வருமா வராதா என்று நீயும் நானும் வருஷக்கணக்காகச் சண்டை பிடித்த அந்த ரீமாஸ்டர். பழைய கணினி ஆட்டம்தான், ஆனால் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. மழை பெய்தால் கல் நனைகிறது. காட்டுக்குள் போனால் இலைக்கு இலை வெயில் விழுகிறது. நீ இருந்திருந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கே என் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாய். "ரெண்டு பேரும் ஒண்டாத்தான் தொடங்கோணும் அக்கா, ஏமாத்தக்கூடாது" என்று சத்தியம் வாங்கி வைத்திருந்தாயே. இப்போது ஏமாற்றியது யார்?

கோபம்தான் எனக்கு. இரண்டு வருஷமாகியும் போகவில்லை. செவன் கிங்ஸில் ஒரு வீட்டுக்கு வயர் மாற்றப் போனவன், அந்த வீட்டுக்காரி வைத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான் என்று ஒரு குரல் போனில் சொன்னால் யார் நம்புவது? நாற்பத்தொரு வயதில்! நான் அன்றைக்கு டூட்டிங்கில் பல் வைத்தியரின் றிசெப்ஷனில் இருந்தேன். "ராங் நம்பர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர்கள் திரும்ப அழைப்பு எடுத்தார்கள்.

அம்மா இப்போது என்னோடு தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறா. முழங்கால் வலி அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு மட்டும் அந்த வலி எங்கேயோ போய்விடும். பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் நடப்பா. உன் இரண்டாம் வருஷப் பூசைக்கு நிறையப் பேர் வந்தார்கள். சுவாமியார் உன் பெயரை ஒரு தடவையாவது சரியாகச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தா. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று சொன்னா:

"அவன்ர முகம் படத்தில கிடக்குது பிள்ளை. குரல்தான் வருகுதில்லை. அம்மா எண்டு கூப்பிடுவானெல்லோ, அதை நினைச்சு நினைச்சுப் பாக்கிறன். வேற ஆரின்ரயோ குரல் வருகுது."

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா" என்று எரிந்து விழுந்தேன். பிறகு மேலே போய், கட்டிலில் இருந்து, நானும் முயன்று பார்த்தேன். நீ 'அக்கா' என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். சொல் வந்தது, குரல் வரவில்லை. ஐயோ, எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

தேடாத இடமில்லை. அம்மாவின் பழைய போனில் உன் குரல் மெசேஜ்கள் இருந்தன. கடையில் போன் மாற்றும்போது எல்லாம் போய்விட்டன. எனக்கோ நீ மெசேஜ் அனுப்பினால் 'ஓகே' என்று இரண்டு எழுத்து. நேரில் வாய் ஓயாத மனிதனுக்கு எழுத்தில் என்ன கஞ்சத்தனம்! என் கலியாண வீடியோவில் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு முழுதாகப் பத்து நிமிஷம் பேசுகிறாய். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆனால் வீடியோ எடுத்தவர் அதற்கு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். உன் வாய் அசைகிறது, யாரோ ஒரு பாடகர் உருகுகிறார். அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் உன் தேத்தண்ணிக் கடை ஞாபகம் வந்தது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறு. ஆட்டத்தைச் செய்த கம்பெனி ஒன்றைச் செய்து விற்கும். ஆடுகிற விசரர்கள் அதற்குள் தங்கள் கைவேலையையும் செருகுவார்கள். புது வீடு, புது வாள், புது மனிதர். அதற்குப் பெயர் மொட். என் தம்பி ஜெர்மனியில், டோட்முண்டில், அம்மாவோடு இருந்த காலத்தில் லண்டனில் இருந்த எனக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு மொட் செய்து அனுப்பினான். ஆட்டத்தில் ஆற்றங்கரைப் பாலத்தைத் தாண்டினால் ஒரு தேத்தண்ணிக் கடை. கல்லாவில் இவனுடைய முகத்தோடு ஒருவன், இவனைவிட ஒரு சாண் உயரமாக. ஊர் முழுக்க இங்கிலிஷ் பேச, அவன் மட்டும் தமிழ் பேசுவான்.

உடுப்பு அலுமாரிக்குள் தலையை விட்டுத்தான் அதைப் பதிந்தேன் என்று சொன்னாய். குளிர்ச்சட்டைகளுக்கு நடுவில் எதிரொலி இல்லையாம். கடைசிப் பதிப்பில் நூற்றுப் பதின்மூன்று வசனம்! "எங்க அக்கா வாளோட, இந்த மழைக்க? குளிர்ச்சட்டை போட்டனியே?" "வடை சூடாக் கிடக்கு, பூதத்தைப் பிறகு வெட்டலாம்." வடை தின்றால் உயிர் இருபது புள்ளி கூடும். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தேன்.

உன் பழைய கணினி என் மாடியில்தான் இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. என் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதில் உன் மொட் இருந்தது. ரீமாஸ்டரில் பழைய மொட்டுகள் ஓடும் என்றும் சொல்கிறார்கள், ஓடாது என்றும் சொல்கிறார்கள். உண்மை இரண்டுக்கும் நடுவில். உன் ஃபைலைக் கொண்டுபோய்ப் போட்டு, பட்டியலில் அதன் பெயரை எழுதிவிட்டு ஆட்டத்தைத் திறந்தேன். பாலத்தைத் தாண்டுமுன் தலைமயிரைச் சீவிக்கொண்டேன், ஒரு விளையாட்டுக்கு!

கடை நின்றதடா. கூரை சுவரைவிட்டு அரை அடி மேலே மிதந்தது. பெயர்ப்பலகை வெறுமையாக இருந்தது, பழைய மொட்டின் பெயர்களைப் புது ஆட்டம் வாசிக்காதாம். ஆனால் கல்லாவில் நீ நின்றாய். புது ஆட்டம் உன் மூக்கைக் கொஞ்சம் நீட்டி, தாடியை அடர்த்தியாக்கியிருந்தது. கிட்டப் போய்ப் பேச்சுப் பொத்தானை அமர்த்தினேன். நீ என்னைப் பார்த்தாய். கண் சிமிட்டினாய். பேசவில்லை.

கூரையை இறக்கினேன். பெயர்ப்பலகையைத் திருத்தினேன். குரலுக்கு வந்தபோது, புது ஆட்டத்துக்குக் குரல் ஃபைல்கள் வேறு வடிவத்தில், வேறு இடத்தில் வேண்டுமாம். உன் மொட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் நூற்றுப் பதின்மூன்று குரல் ஃபைல்கள் கிடந்தன. ஒவ்வொன்றாக மாற்றினேன். மூன்று கிழமை, இருபத்தொரு இரவு! வேலையால் வந்து, சாப்பாட்டுக் கோப்பையோடு மேலே போய்விடுவேன். "அங்க என்ன புதையலே கிடக்கு?" என்று உன் அத்தான் கேட்டார். "ஓம்" என்றேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் செய்யக்கூடாது பார்.

நீ பேசவில்லை. பழைய ஃபைலையே நேரடியாகப் போட்டுக் கேட்டேன். அதிலும் சத்தம் இல்லை. டிஸ்க் பழசாகி ஃபைல்கள் பழுதாகிவிட்டன என்று முடிவு கட்டினேன். அன்றைக்கு வாய்விட்டு அழுதேன் அமலன். நீ போன அன்று அழுததைவிட அதிகமாக. நீ இரண்டாம் தடவை போனது போல இருந்தது.

கடைசி முயற்சியாக, மொட் செய்பவர்கள் இணையத்தில் கூடும் ஒரு போரத்தில் எழுதிப் போட்டேன். பென்ஷன் எடுத்த பஸ் சாரதி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மனிதர், முகம் தெரியாதவர், ஃபைல் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அடுத்த நாள் பதில் வந்தது. 'ஃபைல்கள் பழுதாகவில்லை. எல்லாமே ஒரே அளவாக இருக்கின்றன. நூற்றுப் பதின்மூன்று வசனம் பேசுகிற மனிதன் அத்தனையையும் ஒரே நீளத்திலா பேசுவான்? இவை வேண்டுமென்றே செய்த வெறும் மௌனம். உங்கள் தம்பியை யாரோ ஊமையாக்கியிருக்கிறார்கள். யார்?'

யார்?

நான்தான்.

மறந்தே போனேன் என்று சொன்னால் நம்புவாயா? அந்த மொட்டின் புதுப் பதிப்பை நீ அனுப்பியது ஞாபகமா? "பாலத்தால வா அக்கா, புதுசா ஒண்டு வைச்சிருக்கிறன்" என்று போனில் சிரித்தாய். வந்தேன். கடைக்காரன் கல்லாவில் சாய்ந்துகொண்டு, சிரிக்காமல் கேட்டான்: "அக்கா, அம்மாவைப் பாக்க எப்ப வாறாய்?"

மூன்று வருஷமாக நான் டோட்முண்டுக்கு வரவில்லை. லீவு இல்லை, ஷிப்ட் மாறவில்லை என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் பொய். என் கலியாணத்தின்போது அம்மா சொன்ன ஒரு சொல்லை நெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அது உனக்குத் தெரியும். போனில் நேராகக் கேட்டிருந்தால் நான் வெட்டிவிட்டிருப்பேன் என்பதும் தெரியும். அதனால்தான் கடைக்காரனைக் கொண்டு கேட்பித்தாய். பாலத்தால் போகும்போதெல்லாம் கேட்டான். வரும்போதும் கேட்டான்.

பத்து நிமிஷ வேலைதான். சத்தமில்லாத ஒரு ஃபைலைச் செய்து, உன் நூற்றுப் பதின்மூன்று வசனங்களின் பெயரிலும் அதைப் பிரதி எடுத்து, வெளியே ஒரு ஃபோல்டரில் போட்டேன். உன் குரல் மொட்டின் மூட்டைக்குள் கட்டியபடி இருந்தது. மூட்டைக்குள் இருப்பதைவிட வெளியே கிடப்பதைத்தான் அந்த ஆட்டம் எடுக்கும். மொட் செய்கிற எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விதி. "வாயைப் பொத்து" என்று திரையைப் பார்த்துச் சொன்னதுகூட இப்போது ஞாபகம் வருகிறது.

பிறகு நீயும் அம்மாவும் லண்டனுக்கே வந்துவிட்டீர்கள். அம்மாவும் நானும் ஒரு நாள் அழுது முடித்தோம், கதை முடிந்தது. நீ ஒரு தடவை கேட்டாய், "உன்ர கடைக்காரன் இப்பவும் கதைக்கிறானே?" என்று. "ஓம் ஓம், எங்க வாய் ஓயுது" என்றேன். உனக்குச் சந்தோஷம். எத்தனை வருஷம் நீ அங்கே வாய் பொத்தி நின்றாய், நான் பக்கத்தால் வாளோடு ஓடித் திரிந்தேன்! உயிரோடு இருக்கும்போது ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாமே. மூன்று கிழமையாக நான் மாற்றிக்கொண்டு இருந்தது என்னுடைய மௌனத்தைத்தான்.

மூட்டையை அவிழ்த்தேன். நூற்றுப் பதின்மூன்று ஃபைல்கள், ஒன்று நீளம், ஒன்று கட்டை. தனியாக ஒன்றைப் போட்டுக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டால் கடையில் நின்று கேட்கவேண்டும், அம்மாவும் பக்கத்தில் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த ஒரு வசனத்துக்கு வந்தபோது கை நின்றது. இதை மட்டும் விட்டுவிட்டால் என்ன? வயது போன மனுசி, பழையதைக் கிளறுவானேன்? அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். பிறகு எனக்கே என்னில் வெறுப்பு வந்தது. ஒரு தடவை பொத்திய வாயை இன்னொரு தடவையா? அதையும் மாற்றிப் போட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, அம்மாவைக் கைபிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனேன். கதிரையில் இருத்தினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டா.

"இதென்ன பிள்ளை, ஆர் இந்தத் தாடிக்காரன்?"

"பொறுங்கோ அம்மா."

பொத்தானை அமர்த்தினேன். எது முதலில் வரும் என்று எனக்குத் தெரியாது, ஆட்டம் தன் பாட்டுக்கு ஒன்றை எடுக்கும்.

"வடை சூடாக் கிடக்கு, பூதத்தைப் பிறகு வெட்டலாம்."

உன் குரல். அந்த மூக்கடைப்போடு, 'சூடா'வை இழுக்கிற இழுவையோடு. இதையா நான் மறந்தேன்? அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டா. பிறகு சிரித்தா, "வடையாமே, வடை!" என்று. நான் திரும்ப அமர்த்தினேன். குளிர்ச்சட்டை கேட்டாய். திரும்ப அமர்த்தினேன். நீ கல்லாவில் சாய்ந்தாய். சாயும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அம்மாவைப் பாக்க எப்ப வாறாய்?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அம்மா என் கையைத் தேடிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து, திரையில் நின்ற உன்னிடம், குசினியில் இருந்து மேல்மாடிக்குக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னா:

"அவள் வந்திட்டாள் தம்பி. என்னோடதான் இருக்கிறாள். நீ தேத்தண்ணியைக் குடி."

என் மௌன ஃபோல்டரை அன்றைக்கே அழித்துவிட்டேன். இனி அந்தப் பாலத்தால் போகும்போது எந்தப் பூதம் துரத்தினாலும் சரி, வாளை உறையில் போட்டுவிட்டு நிற்பேன். நீ பேசி முடிக்கும்வரை ஒரு சொல்லைக்கூட வெட்டமாட்டேன். இது சத்தியம், அமலன். இந்தத் தடவை ஏமாற்றமாட்டேன்.

அம்மாவிடம் வந்து சேர்ந்த,
உன் அக்கா