விளக்குக்குத்தான் கையாட்டினேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? "போன்ல உன் முகத்தைப் பார்த்துட்டிருக்கார், அவ்வளவுதான். நீ பேசுறது ஒண்ணும் காதுல விழல" என்று அம்மா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் குழாய் வரைபடம் போடும் அலுவலகமும் தங்கும் அறையும் ஒரே கட்டடத்தில்தான். இதை வடிவமைத்தவர் பெரிய மேதையாம். எங்கேயும் ஸ்விட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் விளக்கு எரியும், சும்மா உட்கார்ந்தால் அணைந்துவிடும். அசையாதவர் ஆளே இல்லை என்பது கட்டடத்தின் கணக்கு.

வேலையில் சேர்ந்த அன்று ஆளாளுக்குக் கையைத் தூக்கி ஆட்டினார்கள். என்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று நானும் ஒருவர் விடாமல் பதிலுக்கு ஆட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அது உனக்கு இல்லம்மா, லைட்டுக்கு. போகப் போக உன் கையும் தானா உயரும்."

இப்போது உயர்கிறது, சாப்பிடும்போதுகூட. நன்றாகச் சிரியுங்கள், கவலைப்பட ஒன்றுமில்லை.

முடிந்தால் ஒரு டார்ச் லைட் அனுப்புங்கள். அழுத்தினால் எரிந்து, அழுத்தினால் அணைகிற மாதிரி இருக்கட்டும். எழுதுகிற கை இந்த அறைக்கு அசைவாகவே தெரிவதில்லை. இதோ, மறுபடியும் அணையப் பார்க்கிறது. முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கையாட்டியதும் நீங்களும் ஆட்டிவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். நான் கிளம்பவில்லை அப்பா. இனிமேல் எத்தனை தடவை கையாட்டினாலும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்