உங்களுக்காக வெடித்த பிஸ்டல்

சம்பந்தி,

காலையில் கோயிலில் வெடி போட்டார்கள். மருந்து வாசனை என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சித்திரை விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் முன்னால் வந்தார்கள். நீங்கள், நான், உங்கள் மருமகளான என் மகள் செல்வி, வஹகோட்டையிலிருந்து வந்த ரோஸ்லின், வாகனம் திருத்தும் கராஜ் நிசாம் தம்பி, விளையாட்டுக் கழகச் செயலாளர் மோகன், அவன் அம்மா பாக்கியம். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு எங்கள் பலாபத்வல ஊர்ச் சனம் பாதி.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் மட்டும் கோணாது.

பாட்டிமார் ஓட்டத்துக்காக என் மிளகுத் தோட்டத்து வரப்பில் விடியற்காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப் பழகினீர்கள். உங்களுக்குக் காது அடைத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது. விசில் கேட்காது, கைதட்டல் கேட்காது. ஓட்டத்தைத் தொடங்கச் சுடும் பிஸ்டல் சத்தம் மட்டும் விளங்கும். “காதுல இல்ல சம்பந்தி, நெஞ்சுல டப்புன்னு விழுது” என்பீர்கள்.

அன்றைக்கென்று அந்தப் பிஸ்டல் மக்கர் பண்ணியது. பிள்ளைகளின் ஓட்டம் முடிந்ததும், அழுத்திய விசை அழுத்தியபடியே நின்றுவிட்டது. நிசாம் தம்பி வாங்கிப் பார்த்தார். உள்ளே ஸ்பிரிங் நழுவிவிட்டதாம். அதைச் சரிசெய்ய விசையைக் கழற்ற வேண்டும், விசையைக் கழற்ற அதைப் பிடித்திருக்கும் தீக்குச்சித் தடிப்புள்ள இரும்புப் பின்னை வெளியே எடுக்க வேண்டும். அவர் வருவதற்குள் மோகன் அதைக் கல்லில் வைத்து ஆணியால் அடித்துப் பார்த்திருக்கிறான். பின்னின் தலை நசுங்கி, விரிந்து, துளையோடு கடித்துக்கொண்டு கிடந்தது.

“இந்தப் பின்னு ஒரு பக்கம் தடிப்பு. தடிச்ச பக்கத்தால தள்ளினாத்தான் வரும். மெல்லிசு பக்கத்துக்கு அடிக்க அடிக்க இறுகும்னு தெரியாதா?” என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “மாத்திச் சொல்லிட்டேன். மெல்லிசு பக்கத்துல அடிச்சுத் தடிச்ச பக்கமா எடுக்கணும்” என்று திருத்தினார். எனக்கு அந்த அவசரத்திலும் சிரிப்பு வந்தது.

மோகன் சிரிக்கவில்லை. “பிஸ்டல் என்னத்துக்கு? விசில் ஊதி விட்டுருவோம். காது கேக்காத ஒரு ஆளுக்காக ஊரே வெயில்ல காயணுமா?” என்று உங்களை நோக்கிக் கையை நீட்டினான். அதே ஓட்டத்தில் அவன் அம்மாவும் ஓடுகிறாள் என்பதை நான் சத்தமாகவே ஞாபகப்படுத்தினேன்.

நிசாம் தம்பி மருந்தை வெளியே எடுத்துவிட்டு, விரிந்த தலையை அரத்தால் தேய்த்து எண்ணெய் விட்டார். துளை போட்ட கட்டையின் மேல் பிஸ்டலை வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். முனை மழுங்கிய கம்பியைப் பின்னுக்கு நேராக வைத்துச் சுத்தியலால் தட்டினார். அசையவில்லை. பலமாக அடிக்கச் சொன்னேன். “வளஞ்சிட்டா அவ்வளவுதான் அம்மா, அப்புறம் எதாலயும் வராது” என்றார். இன்னும் எண்ணெய், இன்னும் தட்டல். நான் அந்தப் பின்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தால் உங்களைக் காணோம். மோகன் கை நீட்டியதையும் நான் கத்தியதையும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். உங்களை வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டீர்கள். செல்வி “மாமி, மாமி” என்று கூப்பிட்டு என்ன பயன்?

அப்போதுதான் என் கைக்குக் கீழே ‘டிக்’ என்று ஒரு சத்தம். பின் கட்டைத் துளைக்குள் விழுந்துவிட்டது! ஸ்பிரிங்கை உட்காரவைத்து, விசையைப் பொருத்தி, பின்னைத் திரும்பச் செருகி, மருந்து போட்டு, நிசாம் தம்பி வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

மைதானத்தின் கேட்டருகில் போய்விட்ட நீங்கள் நின்றீர்கள். நெஞ்சில் கை வைத்தீர்கள். திரும்பினீர்கள். அந்த முகத்தை என்னவென்று எழுதுவேன்! நான் இந்த வயதில் குதித்தேன் சம்பந்தி.

வந்து கோட்டில் நின்றீர்கள், பக்கத்தில் கோட்டுக்கு வெளியே நான். நிசாம் தம்பி கையைத் தூக்கும் முன்னே மோகன் விசிலை ஊதிவிட்டான். எல்லாரும் ஓடினார்கள். நீங்கள் குனிந்தபடி பிஸ்டலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “சுடு தம்பி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். வெடித்தது. பறந்தீர்கள். ரோஸ்லினைத் தாண்டி, மற்றவர்களைத் தாண்டி, பாக்கியத்தின் தோளுக்குப் பக்கத்தில் போய்விட்டீர்கள். ஒரு சாண், ஒரே ஒரு சாண் முன்னால் அவள் நாடாவைத் தொட்டாள்.

மூச்சு வாங்க என்னிடம் திரும்பி வந்து, “என்னா எல்லாரும் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிறாங்க?” என்று கேட்டீர்கள். உங்கள் பேரைத்தான் கத்துகிறார்கள் என்று கைச்சாடையில் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு சேலையை இறக்கிவிட்டீர்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அந்த விசில் கதையை நான் கைச்சாடையில் சொன்னதும், “விடுங்க சம்பந்தி, அவனும் புள்ளகுட்டிக்காரன்” என்றீர்கள். உங்களுக்குக் கோபத்தை வைத்துக்கொள்ளவே தெரியாது. உங்கள் பங்கையும் சேர்த்து இன்றுவரை நான்தான் வைத்திருக்கிறேன். பாக்கியத்தோடு பேசுகிறேன், அவள் தன் காலால்தான் ஓடினாள். உங்கள் சாவு வீட்டில் முன் வரிசையில் வந்து உட்கார்ந்தானே, அவனுக்கு மட்டும் நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை. நீங்கள் கோட்டில் காத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே அந்த விசிலை ஊதியவன். மோகன்.