நூறு மில்லி தண்டுக்கு ஓர் எண்

சுவாமே, குமாசி, கானா
பிப்ரவரி 4, 1991

அன்புள்ள ஃப்ரேமா,

நலம். உலை நலம், தொப்பை அதைவிட நலம். பெண்டாட்டி இருந்தும், நீ டெமாவில் எஃகுச் சோதனைக்கூட வேலைக்குப் போனதிலிருந்து ஃபூஃபுக் களியைக் கடையில்தான் வாங்குகிறேன். விற்கிற அம்மாள் என்னைக் கண்டாலே பெரிய கிண்ணத்தைத் தேடுகிறாள்.

பெக்வாய் பனையெண்ணெய்ச் சங்கத்துக்கு நூறு மில்லிமீட்டர் தடிமனில் ஆலைத் தண்டு செய்கிறேன். சங்கத் தலைவி வந்து, "மாஸ்டர், உங்க வாய்ப்பேச்சு எனக்கு வேணாம். தண்டு எவ்வளவு தாங்கும்னு எழுதிக் குடுங்க"ன்னு நிற்கிறாள். எஃகு ஈஎன்-19. எண்ணெயில் முக்கி, மறுசூடு கொடுத்தால் தொள்ளாயிரம் மெகாபாஸ்கல் தாங்கும் என்று ஒரு பழைய விலைப்பட்டியல் சொல்கிறது. எழுதிவிடட்டுமா? உங்கள் சோதனைக்கூடத்துப் பெரிய புத்தகத்தில் பார்த்துச் சொல்.

அப்புறம், ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா. வந்து இருந்துவிடு.

உன் அம்பொன்சா

டெமா
பிப்ரவரி 15

அன்புள்ள அம்பொன்சாவுக்கு,

எழுதிவிடாதீர்கள்! அந்த எண் மெல்லிய கம்பிக்கு. நூறு மில்லி தண்டின் நடுவரை எண்ணெயின் குளிர்ச்சி போய்ச் சேராது. வெளியே கடினம், உள்ளே மென்மை. எழுநூறு என்று எழுதுங்கள். எத்தனை வருடம் உலையடியில் நின்றும் தடிமன் பார்க்க மறக்கிறீர்கள்.

உப்பைக் குறையுங்கள்.

ஃப்ரேமா

சுவாமே
பிப்ரவரி 24

அன்புள்ள ஃப்ரேமா,

வெளியே கடினம், உள்ளே மென்மை என்று என்னைத்தானே எழுதினாய்? பக்கத்துப் பட்டறை டார்கோவிடம் காட்டினேன். "உங்களுக்கு உள்ளயும் வெளியயும் கொழுப்புதான் மாஸ்டர்"னான்.

எழுநூறு எழுதிக் கொடுத்தேன். தலைவி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இப்போது அவசரமாக இன்னும் சில எண்கள் வேண்டும். வில்பட்டை எஃகு, உருளைத் தாங்கி எஃகு, அறுவை மருத்துவர் கத்தி எஃகு. ஒவ்வொன்றாகவே அனுப்பு, சிரமப்படாதே.

ஈஸ்டர் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அஞ்சலில் அந்தப் பக்கம் மட்டும் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

உன் அம்பொன்சா

டெமா
மார்ச் 11

அன்புள்ள அம்பொன்சாவுக்கு,

வெறும் பட்டறைகளாக இருக்கும் சுவாமேயில் மருத்துவர் கத்தி யார் கேட்டார்கள்? எனக்குத் தெரியாதா உங்களை?

புத்தகம் முழுவதையும் நகலெடுத்து, குமாசிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறேன். எந்த எஃகு, எந்த எண்ணெய், எவ்வளவு மறுசூடு, எவ்வளவு தடிமன், எல்லாம் இருக்கிறது. இனி என் பதிலுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

ஈஸ்டருக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. இங்கே கடற்காற்று வரும் ஓர் அறை எடுத்திருக்கிறேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் அமைதியாக இருக்கிறது. உங்கள்மேல் கோபமில்லை. கோபமிருந்தால் வந்து சண்டை போட்டிருப்பேன்.

ஃப்ரேமா

சுவாமே
மார்ச் 25

அன்புள்ள ஃப்ரேமா,

பொதி வந்து சேர்ந்தது. தெருவே கூடிவிட்டது. டார்கோ பக்கங்களைப் புரட்டி, "இனிமே நீங்க யாரையும் கேக்க வேணாம் மாஸ்டர்!"னு முதுகில் தட்டினான். நானும் சிரித்தேன். எனக்குத்தான் சிரிப்பு சுலபமாயிற்றே.

அறையில் கொசுவலை கட்டிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறக்காமல் அந்த நகலோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கமாவது, ஓர் எண்ணாவது விட்டுப்போயிருந்தால் உனக்கு எழுதிக் கேட்கலாமே என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன்.

நீ எதையும் விடவில்லை.

அம்பொன்சா